மல்லிகா அக்காவின் ராணுவ லாரி

1

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் மெஷினை ஓட்டக்கூடாது. ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, கொஞ்சமும் கோபப்படாமல், இன்றைக்கு என்ன கிழமை என்று விளக்கிவிட்டுப் போவார். ஜெர்மனியில், ரைன் ஆற்றை ஒட்டி நான் குடியிருக்கும் சின்ன ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் போன கோடையில் ஒரு ஞாயிறு காலை, ஜன்னல் கண்ணாடி அதிரும்படி வரிசையாக லாரிகள் போகும் சத்தம் கேட்டது. யாரும் கதவைத் திறந்து முறைக்கவில்லை. சிலர் பால்கனியில் நின்று கையசைத்தார்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு சத்தத்தின் பின்னாலேயே போனேன். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் பழைய ராணுவ வண்டிகள் நின்றன. பட்டாளத்தில் கழித்துக் கட்டிய வண்டிகளை ஏலத்தில் எடுத்து, வருடக்கணக்காகப் பழுது பார்த்து, பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருக்கிறவர்களின் சந்திப்பாம். குழந்தைகள் டயர் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கரி அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டே போனவன், கடைசி வரிசையில் ஒரு லாரியின் முன்னால் நின்றுவிட்டேன்.

நீட்டிய மூக்கு. அகன்ற மட்கார்டு. இடுப்புக்கு மேல் வரும் சக்கரங்கள். எளாவூரில் என் அக்கா வீட்டுக்கு முன்னால் நிற்கும் அதே லாரி!

வண்டிக்காரர் கித்தான் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பேர் வெர்னர். பேக்கரி நடத்தி ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. அவரிடம் ஓடிப்போய், "இது எங்கள் மல்லிகா அக்காவின் வண்டி" என்று சொன்னேன். அதாவது, சொன்னதாக நினைத்துக்கொண்டேன். மூத்தவர்களின் பேரை உறவு சேர்க்காமல் சொல்ல நமக்கு வாய் வராது. அந்த 'அக்கா'வையும் சேர்த்து 'ஷ்வெஸ்டர் மல்லிகா' என்றேன். ஷ்வெஸ்டர் என்றால் உடன்பிறந்தவள்தான். ஆனால் பேருக்கு முன்னால் ஒட்டினால் அது கன்னியாஸ்திரீ ஆகிவிடும்.

வெர்னர் மரியாதையாக எழுந்து நின்றார். "எந்த மடத்தைச் சேர்ந்தவர்?" என்று கேட்டார்.

எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. "சொந்தத் தொழில்தான்" என்றேன்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் போனில் அக்காவின் படத்தைக் காட்டினேன். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு, கையில் முழங்கை நீள ஸ்பேனர், பின்னால் லாரி. வெர்னர் கண்ணாடியை மாட்டி உற்றுப் பார்த்தார். "இந்தியாவில் கன்னியாஸ்திரீகளுக்கு இதுதான் உடுப்பா?" என்றார். உண்மையாகவே கேட்டார்.

இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. அதிகம் சிரித்த நாள் அதுதான்.

2

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவள். பொன்னேரியில் பி.காம். படித்தாள். தயாளன் மாமாவைக் கட்டிக்கொண்டு எளாவூருக்குப் போனாள். மாமாவிடம் அப்போது ஒரு பிரேக்டவுன் கிரேன் இருந்தது. கல்கத்தா ரோட்டில், ஆந்திரா எல்லைக்கு இந்தப் பக்கம், இரவு பகலாக லாரி ஓடுகிற இடம் அது. எங்கேயாவது ஒன்று படுத்துக்கொள்ளும், ஒன்று கவிழும். மாமா போய்த் தூக்குவார். மாமா சுபாவத்தில் சாது. பேசி வேலை பிடிக்க வராது. ஒரு வருடத்தில் போன் அக்கா கைக்கு வந்தது, அப்புறம் ஸ்டீயரிங்கும் வந்தது.

ஒரு மழைக்காலத்தில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை விட்டுக் கழனியில் இறங்கிவிட்டது. எடுக்கப் போன மாமாவின் கிரேனும் சேற்றில் அச்சு வரைக்கும் புதைந்தது. கழனிக்காரர் ஒரு பக்கம் கத்த, லாரிக்காரர் ஒரு பக்கம் கத்த, இரண்டு வண்டியும் மூன்று நாள் அங்கேயே கிடந்தன. அன்றைக்குத்தான் அக்கா எனக்குப் போன் செய்து சொன்னாள்: "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வோணும்டா. மிலிட்டரில வச்சினு இருந்தாங்களே, அந்த மாதிரி."

அப்படி ஒன்று திருவள்ளூர் பக்கம் ஒரு கல்குவாரியின் மூலையில் கிடந்தது. சக்திமான் லாரி. ஜெர்மன் வரைபடத்தை வைத்து ஜபல்பூரில் செய்து, பட்டாளத்துக்கென்றே ஓடிய வண்டி. ஏலத்தில் கைமாறிக் கைமாறிக் குவாரிக்கு வந்து, எஞ்சின் நின்றுபோய், சேசிஸ் நடுவில் வேலிகாத்தான் மரமே முளைத்திருந்தது.

மாமா சுற்றிப் பார்த்துவிட்டு, "எடைக்குப் போட்ற இரும்பும்மா இது" என்றார்.

"எடைக்குன்னு சொல்லித்தான் கேக்கப் போறேன். நீ வாயத் தொறக்காம நில்லு" என்றாள் அக்கா.

அடுத்த இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சு முழுக்க லாரிதான். "நல்லாகிறியா, சாப்ட்டியா" எல்லாம் ஒரு மூச்சில் முடிந்துவிடும். அப்புறம் பிஸ்டன், கியர்பாக்ஸ், பிரேக். உடைந்த பாகத்தைக் கோணிப்பையில் சுற்றி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கேட் கேட்டாகப் போவாள். இரும்பை உருக்கி வார்ப்பவர், கடைசல் பிடிப்பவர், ரப்பர் அச்சு போடுபவர் என்று அங்கே இல்லாத கை இல்லை. பெரிய ஆர்டரை விட்டுவிட்டு ஒற்றைச் சாமானை யார் செய்து தருவார்கள்? அக்கா மேனேஜர் அறையிலேயே போய் நிற்பாள். "போன மழையில உங்க டிரெய்லர் பள்ளத்துல உட்கார்ந்துக்கினு இருந்துச்சே, வந்து எடுத்தது யாரு சார்?" மேனேஜர் ஆளைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொல்வார்.

பழைய பெயிண்டைச் சுரண்டியபோது பக்கவாட்டில் இந்தி எழுத்து தெரிந்ததாம். பட்டறைக்கு வந்திருந்த பீகார்க்காரர் ஒருவர் படித்துச் சொன்னார்: குடிநீர். எங்கேயோ மலையிலோ பாலைவனத்திலோ சிப்பாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன வண்டி. அந்த எழுத்தை மட்டும் அழிக்காமல் விட்டு மிச்சத்துக்குப் புதுப் பச்சை அடித்தாள் அக்கா.

முதல் தடவை எஞ்சின் உறுமியதை நான் வீடியோ காலில் பார்த்தேன். பார்த்தேன் என்பது தப்பு. திரை முழுக்கக் கரும்புகை. புகைக்குள்ளிருந்து எங்கள் அப்பாவின், அதாவது நைனாவின் இருமலும், மாமாவின் "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்ற அலறலும், எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் சிரிப்பும் கேட்டன.

3

ஒரே ஒரு குறை இருந்தது. முன் அச்சு இழுக்கவில்லை. முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், அதே சமயம் எஞ்சினின் வேகத்தையும் வாங்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு ஜாயின்ட் உண்டு. அது உடைந்திருந்தது. தொழிற்பேட்டையில் இரண்டு முறை செய்து பார்த்தார்கள். இரண்டும் பாரம் ஏறியதும் முறிந்தன. நாலு சக்கரத்துக்காக வாங்கிய வண்டி இரண்டு சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றைப் புதுப்பிக்கப் போனபோது இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். பழைய கார், பழைய மோட்டார் சைக்கிளை அரும்பொருளாகப் பதிய வழி இருக்கிறது, லாரிக்கு அது பொருந்தாது என்றாராம். "முன் அச்சு இழுக்காத வண்டிக்கு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. சரி பண்ணிக் கொண்டாங்க. இல்லாட்டி ஒடைக்கத்தான் அனுப்பணும்." அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நியாயமாகத்தான் பேசியிருக்கிறார். ஆனால் அந்த வாரம் அக்காவின் குரல் செத்துப்போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் நான் புல்வெளியில் வெர்னரின் லாரியைப் பார்த்தேன்.

கதை முழுவதையும் கேட்ட வெர்னர் தன் கொட்டகைக்கு அழைத்துப் போனார். வீட்டைவிட அது பெரிது. அக்கா வீடியோ காலில் அளவுகளைச் சொல்ல, நான் ஜெர்மனில் சொல்ல, அவர் அளந்து பார்த்தார். நடுவில் மொழிபெயர்ப்பாளனாகிய நான் குளறியபோதெல்லாம் இருவரும் என்னை விட்டுவிட்டு, திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாமானைத் தூக்கித் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு ஜாயின்ட் கடைசியில் பொருந்தியது. வெர்னர் அதைச் சும்மா கொடுத்தார். "எனக்கு எழுபத்தைந்து வயது. இந்த வண்டி இனி சந்திப்புக்கு மட்டும்தான் போகும். உன் அக்காவுடையது வேலைக்குப் போகிறது" என்றார்.

அதைப் பார்சலில் அனுப்பினால் சுங்கத்தில் என்ன என்று எழுதுவது? வாகன பாகம் என்றால் ஒரு படிவம். ராணுவ வாகனத்தின் பாகம் என்றால் கேட்கவே வேண்டாம். விசாரித்ததில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அக்டோபரில் பள்ளி விடுமுறை வந்தது. என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் யாழினியை அழைத்துக்கொண்டு, தீபாவளிக்குப் பட்டுப்புடவை எடுத்துப் போகிறவன் மாதிரி, பெட்டியின் நடுவில் அந்த இரும்பை வைத்துக்கொண்டு புறப்பட்டேன். சென்னையில் அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தார். எங்கேயும் மறைக்காமல் உண்மையைச் சொன்னேன். வெர்னர் எழுதித் தந்த தாளையும் காட்டினேன். மூன்று மேசை மாறி, வரி கட்டி, வெளியே வந்தோம். கடைசி மேசைக்காரர், "அக்கா லாரி ஓட்டுவாங்களா சார்?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார்.

யாழினிக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீடு சில வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. அங்குள்ள பிள்ளைகளைப் போலவே என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடுவாள்.

எளாவூரில் இறங்கியதும் அதைக் கேட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாடி, தல நரைச்ச ஆம்பளைய பாப்பான்ற?"

யாழினிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் லாரியைக் காட்டியபோது முகம் இறுகிவிட்டது. ஏறிப் பார் என்று அக்கா கூப்பிட்டதற்குத் தலையாட்டி மறுத்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "இது போருக்குச் செஞ்சது அத்தை. எனக்குப் புடிக்கல."

அவள் படிக்கும் பள்ளியில் அந்த நாடு செய்த போர்களை மறைக்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பட்டாளத்துப் பச்சையைக் கண்டாலே ஆகாது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

அக்கா கோபப்படவில்லை. குடிநீர் என்ற எழுத்தைக் காட்டினாள். "தண்ணிதான் கொண்டுபோச்சுடி."

"தண்ணி குடிச்சிட்டுத்தானே சுட்டாங்க?"

அக்கா அந்த எழுத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அதுவும் நாயம்தான்" என்று சொல்லிவிட்டு ஜாயின்ட்டை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போனாள். வாதத்தில் தோற்றதை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற பெரியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. யாழினியும் கண்டதில்லை போலிருக்கிறது. நாஷ்டா சாப்பிடாமல் அங்கேயே நின்று, அடியில் தெரிந்த அத்தையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

ஜாயின்ட் மாட்டிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வெறித்திருந்தது. ஆனால் ஆந்திரா பக்கம் பெய்த தண்ணீர் அப்போதுதான் ஆற்றில் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

காலை எட்டு மணி வாக்கில் அக்காவுக்குப் போன் வந்தது. பக்கத்து ஊர்த் தரைப்பாலத்தில், தொழிற்பேட்டைக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் ஒன்று நடுவில் நின்றுவிட்டது. தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடுகிறது என்று நினைத்து இறக்கியிருக்கிறார் டிரைவர். எஞ்சின் அணைந்துவிட்டது. தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் வழியில் ரோட்டை வெள்ளம் அறுத்துவிட்டதால் சுற்றி வருகிறது.

அக்கா மாமாவைப் பார்த்தாள். "கிரேன் கட்டையெல்லாம் பின்னால ஏத்து. வண்டி லேசா இருந்தா தண்ணி தூக்கினு போயிடும்."

கிரேனுக்குப் பாரம் வைக்கும் சிமென்ட் கட்டைகளை மாமாவும் நானும் பட்டறை ஆட்களும் ஏற்றினோம். ஏற்றி முடித்துப் பார்த்தால் யாழினி முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இறங்கு என்றேன். ஜெர்மனில் என்னிடம் ஒரே வார்த்தை சொன்னாள்: முடியாது. வாக்குவாதம் செய்ய நேரமில்லை.

பாலத்தில் நாங்கள் கண்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. செம்மண் நிறத்தில் ஆறு. பாலம் எங்கே என்று தெரியாது. ஓரக் கற்களின் தலைகள் மட்டும் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. நடுவில் வேன், கொஞ்சம் சாய்ந்து. ஜன்னல் வழியாகப் பெண்கள் கையை நீட்டிக் கூப்பிட்டார்கள். டிரைவர் கூரை மேல் ஏறி நின்றார். கரையில் கூட்டம். யாரோ, "அம்மா, எறங்காத, பாலமே இருக்குதோ இன்னாவோ" என்று கத்தினார்.

அக்கா ஜன்னல் வழியாக, "கல்லு நிக்கிது இல்ல? கல்லு நின்னா பாலம் நிக்கிது" என்றாள். இரண்டாவது கியர் குச்சியைத் தள்ளி முன் அச்சைச் சேர்த்தாள். லாரி தண்ணீரில் இறங்கியது.

நானும் மாமாவும் பின்னால் நின்றோம். சக்கரம் முக்கால்வாசி முழுகியது. தண்ணீர் பக்கவாட்டில் வந்து மோதும் ஒவ்வொரு தடவையும் லாரி முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. ஆனால் நிற்கவில்லை. நடக்கிற வேகத்தில், ஒரே சீராக, உறுமிக்கொண்டு போனது. வேனை ஒட்டி அக்கா நிறுத்தினாள். ஜன்னல் வழியாக ஒவ்வொரு பெண்ணாக இழுத்து ஏற்றினோம். சின்னப் பெண்கள். சீருடைக் கோட்டும், கழுத்தில் அட்டையும், சாப்பாட்டுப் பையும். ஒருத்தி கர்ப்பிணி. அவளைத் தூக்கும்போது மாமா, அந்தச் சாது மனிதர், "ஒண்ணியும் ஆகாது கண்ணு, ஒண்ணியும் ஆகாது" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் டிரைவரும் குதித்தார்.

சாய்ந்து நின்ற வேன் முன்னால் வழி விடவில்லை, திரும்பவும் இடமில்லை. வந்த வழியே பின்னாலேயே போக வேண்டும். அக்கா கண்ணாடியில் பார்த்தால் வலப்பக்கக் கற்கள் தெரிந்தன. இடப்பக்கம் தெரியவில்லை. பின்னால் நெருக்கியடித்து நின்ற பெண்களால் பின்புறக் கண்ணாடியும் மறைந்துவிட்டது. யாழினி இடது ஜன்னலில் இடுப்பு வரை வெளியே நீட்டிக்கொண்டு கற்களைப் பார்த்தாள். பயத்தில் அவளுக்கு வாயில் ஜெர்மன்தான் வந்தது. இடது என்பதற்கு "லிங்க்ஸ்! லிங்க்ஸ்!" என்று கத்தினாள்.

"இன்னாடி லிங்க்ஸு? எனக்குப் புரியிற மாரி சொல்லு!"

அப்புறம் என் மகளின் குரல் தெளிவாகக் கேட்டது: "அத்தை, என் பக்கம் கல்லு கிட்ட வந்துச்சு! உன் பக்கம் போ!"

"அப்டி சொல்லு!"

"இன்னும் உன் பக்கம்... போதும்! இப்ப நேரா... என் பக்கம் கொஞ்சம் வா..."

நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் இத்தனை வாக்கியம் தமிழில் தொடர்ந்து பேசி எத்தனையோ வருடமாகிவிட்டது. பாதி வழியில் பின்சக்கரம் பாசியில் வழுக்கியது. லாரியின் பின்பக்கம் ஆற்றோடு இழுபட்டது. பெண்கள் அலறினார்கள். அப்போது முன்சக்கரங்கள் பிடித்துக்கொண்டன. கீழே இரும்பு முனகுவது காலில் தெரிந்தது. மெதுவாக, மிக மெதுவாக, பின்பக்கம் நேரானது. கரை வந்து சக்கரத்தில் முட்டியபோது யாரும் கைதட்டவில்லை. அந்தக் கர்ப்பிணிப் பெண்தான் முதலில் அழுதாள், அப்புறம் எல்லோரும்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தோம். வேன் கூரை வரை முழுகியிருந்தது.

5

பொங்கலுக்கு முன்னால் எஃப்.சி. கிடைத்துவிட்டது. இன்ஸ்பெக்டரே ஏறி, பள்ளத்தில் விட்டு ஓட்டிப் பார்த்தாராம். இறங்கும்போது அவருக்கு இறங்க மனமில்லை என்பது அக்காவின் கட்சி. வெர்னருக்குச் செய்தி சொன்னேன். ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். யாழினி அவரிடம், அது போர் வண்டி என்பதில் தன் கருத்து மாறவில்லை என்று சொன்னாள். அவரும், மாறக்கூடாது என்றார்.

ஆனால் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது அந்தக் காலையில் பிறகு நடந்ததைச் சொல்லத்தான்.

பெண்களை ஊர் ஊராக இறக்கிவிட்டு வீடு திரும்பியதும் அக்கா லாரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா டீ கொண்டுவந்தார். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. டீ மடியில் சிந்தியது. யாழினி டம்ளரை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருந்துச்சா அத்தை?"

"இல்லாம? எனக்கு நீச்சல் தெரியாதுடி."

ஆற்றங்கரை ஊரில் பிறந்தவள். ஆண்பிள்ளைகள் நாங்கள் கிணற்றிலும் ஏரியிலும் விழுந்து கிடந்தோம். அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நாங்கள் யாரும் கேட்டதுமில்லை. இவ்வளவு காலம் அவளுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

யாழினி ஜெர்மன் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் போல நீந்தக் கற்றவள். டீயை ஊதி அத்தையின் வாயில் வைத்துக்கொண்டே, "நாளைக்கு ஆரம்பிக்கலாம்" என்றாள்.

மிச்சமிருந்த நாலு நாளும் நைனாவின் கழனியில் பம்புசெட் தொட்டியில் வகுப்பு நடந்தது. தண்ணீர் மார்பளவுதான். ஆற்றுக்குள் ராணுவ லாரியை இறக்கிய என் அக்கா, நைட்டியும் தலையில் பிளாஸ்டிக் பையுமாக, தொட்டி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உட்றாதடி, உட்றாத, செத்தேன்" என்று ஊரைக் கூட்டினாள். வரப்பில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். நைனா குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்.

யாழினி அவள் முதுகுக்கு அடியில் கையை வைத்திருந்தாள். "மேல பாரு அத்தை. மூச்சு விடு. வானத்தைப் பாரு."

கடைசி நாள் சாயங்காலம் அக்கா கத்துவதை நிறுத்தினாள். கண்ணைத் திறந்து மேலே பார்த்தபடி மல்லாந்து கிடந்தாள். காது தண்ணீருக்குள் இருந்தது. எங்கள் பேச்சு கேட்டிருக்காது. யாழினி எங்களைப் பார்த்து, சத்தம் போடாமல், இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

அக்கா மிதந்துகொண்டிருந்தாள்.